பதினான்கு நிலைகள், ஒரு மரச்சிலுவை

யாத்திரை என்றால் பையைத் தூக்கிக்கொண்டு எங்காவது கிளம்ப வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். இயேசு சிலுவை சுமந்த வழியைப் பதினான்கு நிலைகளில் நின்று செபித்தபடி நடக்கும் சிலுவைப்பாதைதான் எனக்கு யாத்திரையானது. அதன் மொத்தத் தூரமே எங்கள் பங்குக் கோயிலின் ஒரு பக்கச் சுவரில் தொடங்கி மறுபக்கச் சுவரில் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமைதோறும் முக்கால் மணி நேரம், அவ்வளவுதான்.

உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று எல்லாரையும்போல நானும் வரிசையில் நின்றேன். முந்தைய ஆண்டின் குருத்தோலைகளை எரித்த சாம்பல் நெற்றியில் விழுந்தது. 'நீ மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்' என்றார் பங்குத்தந்தை. எனக்கு முன்னால் ஒரு தாயின் தோளில் கிடந்த கைக்குழந்தைக்கும் அதையேதான் சொன்னார். குழந்தைக்குச் சொன்னதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

அன்றைக்கு நோன்பு. 18 வயதிலிருந்து 59 வரை ஒருவேளை முழு உணவு, வேண்டுமானால் இன்னும் இரண்டு வேளை கொஞ்சமாக. கட்டாய நோன்பு அன்றும் புனித வெள்ளியன்றும் மட்டும்தான். கூடுதலான ஒறுத்தல்களை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். நான் இரவில் கைபேசி பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். மூன்றாம் நாளே தோற்றேன். அதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

முதல் ஞாயிறு இன்னொரு கூத்து. தவக்காலத்தில் அல்லேலூயா கிடையாது. உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில்தான் அது திரும்ப வரும். பழக்க தோஷம், நற்செய்திக்கு முன் எழுந்து நின்று உரக்கத் தொடங்கிவிட்டேன். என் குரல் மட்டும் தனியாகப் போய்க் கூரையில் முட்டித் திரும்பியது. பக்கத்துப் பெரியவர், "நாற்பது நாள் இருக்குப்பா, பொறு" என்றார். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். திருநீற்றுப் புதன் முதல் புனித சனி வரை 46 நாள். ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால் நோன்புக் கணக்கில் சேராது. ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது சரியாக வருகிறது. 'அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை கைபேசி பார்க்கலாமா?' என்று மனசு உடனே கேட்டது பாருங்கள்!

இரண்டாம் வெள்ளி சிலுவைப்பாதைக்கு வழக்கம்போலக் கடைசி வரிசையில் நிற்கத்தான் போனேன். சிலுவை தூக்கும் பீடச்சிறுவனுக்குப் பரீட்சை, வரவில்லை. கோயில் வேலைகளில் பங்குத்தந்தைக்கு உதவும் உபதேசியார் கண்ணில் நான் பட்டேன். "தம்பி, வாங்க" என்றார். எனக்குப் பழக்கமில்லை என்று சொல்வதற்குள் சிலுவை கைக்கு வந்துவிட்டது.

பார்க்க ஒல்லியான மரச்சிலுவைதான். ஆனால் நேராக உயர்த்திப் பிடித்தே நிற்க வேண்டும் என்பதால் ஏழாம் நிலைக்குள் தோள்பட்டை கெஞ்ச ஆரம்பித்தது. அதைவிட வேறொன்றுதான் என்னைத் தடுமாற வைத்தது. ஒவ்வொரு நிலையிலும் எல்லாரும் முழந்தாளிடுவார்கள், சிலுவை பிடிப்பவர் மட்டும் நிற்பார். இத்தனை வருடங்களாக நான் பார்த்ததெல்லாம் முதுகுகளைத்தான். இப்போது முகங்கள். முழங்கால் மடங்காமல் இருக்கையின் விளிம்பைப் பிடித்தபடி இறங்கும் ஒரு பாட்டி. அவரைத் தூக்கிவிடுவதற்காகவே ஒவ்வொரு முறையும் முதலில் எழுந்துகொள்ளும் பள்ளிச் சிறுமி. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்காமல் அழுதுகொண்டிருந்த ஒரு மனிதர். அவரோடு பல வருடம் சமாதான வாழ்த்து மட்டும் சொல்லியிருக்கிறேன், பெயர்கூடத் தெரியாது.

செவ்வாய் மாலைகளில் பங்கு மன்றத்தில் விவிலிய வகுப்பு. வரும் ஞாயிற்றின் நற்செய்தியை இரண்டு முறை வாசித்து, கொஞ்ச நேரம் சும்மா இருந்து, பிறகுதான் பேச வேண்டும். 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கியூகோ வாசிப்பு, தியானம், செபம், ஆழ்நிலைச் செபம் என்று நான்கு படிகளாக எழுதி வைத்த பழைய முறைதான். அந்தச் 'சும்மா இருப்பது'தான் எங்களுக்கு வரவில்லை. யாராவது இருமுவார்கள், யாராவது உடனே பிரசங்கம் செய்யத் தொடங்குவார்கள்.

ஒரு செவ்வாயன்று சிலுவைப்பாதையே விவாதமாகிவிட்டது. ஆறாம் நிலையில் இயேசுவின் முகத்தைத் துடைக்கும் வெரோணிக்கா எந்த நற்செய்தியில் வருகிறாள் என்று ஓர் இளைஞன் கேட்டான். எதிலும் இல்லை. இயேசு மூன்று முறை விழுவதும் இல்லை. சிலருக்கு முகம் சுருங்கிவிட்டது. பங்குத்தந்தை அலட்டிக்கொள்ளாமல் விளக்கினார். எருசலேமுக்குப் போக முடியாதவர்கள் அந்த வழியைத் தங்கள் ஊரிலேயே நடக்க உண்டான பக்தி இது. பிரான்சிஸ்கன் துறவிகள் பரப்பினார்கள். 1731இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமென்ட் பதினான்கு நிலைகள் என்று உறுதிப்படுத்தினார். 1991இல் இரண்டாம் யோவான் பவுல், இயேசு கைதான கெத்சமனித் தோட்டத்தில் தொடங்கி விவிலிய நிகழ்வுகள் மட்டுமே கொண்ட சிலுவைப்பாதையை உரோமைக் கொலோசியத்தில் நடத்தினார். இரண்டும் இருக்கலாம் என்று பங்குத்தந்தை முடித்தார். கேட்ட பையனுக்கு அது போதவில்லை; எனக்கு அவன் கேட்டது பிடித்திருந்தது.

அந்தச் சாக்கில் ஐந்தாம் நிலையைத் தேடி மாற்கு 15:21 எடுத்தோம். அந்த நிலையில் இயேசுவின் சிலுவையைச் சுமக்கும் சீமோன் வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தவர். படைவீரர்கள் அவரைக் கட்டாயப்படுத்தினார்கள். அவராக முன்வரவில்லை. அலக்சாந்தர், ரூபு ஆகியோரின் தந்தை என்று மாற்கு கூடவே சொல்கிறார். மகன்களின் பெயரைச் சொல்லி அப்பாவை அடையாளம் காட்டுகிறார் என்றால், முதலில் அந்த நற்செய்தியைக் கேட்டவர்களுக்கு அந்த மகன்களைத் தெரிந்திருக்க வேண்டும். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் முடிவிலும் ஒரு ரூபுவுக்கு வாழ்த்து உண்டு. அதே ஆள்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் எனக்குத் தூக்கம் போனது. வழியில் போனவரைப் பிடித்து இழுத்துச் சுமக்க வைத்தார்கள். அவருடைய பிள்ளைகளைச் சபைக்கே தெரிந்திருக்கிறது.

அடுத்த மூன்று வெள்ளியும் நானே சிலுவையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அழுத மனிதரிடம் ஒருநாள் பேசினேன். என்ன பேசினோம் என்பது எங்களோடு இருக்கட்டும். பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்துக்கும் அவரும் நானும் ஒரே வரிசையில்தான் நின்றோம், ரொம்ப நேரம்.

பரீட்சையெல்லாம் முடிந்து, புனித வெள்ளியன்று காலை பீடச்சிறுவன் வந்துவிட்டான். சிலுவையை அவனிடம் கொடுக்க எனக்குக் கொஞ்சம் மனசில்லை. அதைச் சொல்லவா முடியும்? கொடுத்துவிட்டு அந்தப் பாட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அன்றைக்குச் சிறுமி வரவில்லை. ஐந்தாம் நிலையில் முழந்தாளிட்டு நிமிர்ந்து பார்த்தேன். பையன் சிலுவையைப் பிடித்தபடி எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.