எட்டுக் கார்பன் வால்

சென்ற தைப்பூசத்தன்று, காலையிலிருந்து ஒன்றும் உண்ணாமல் பாற்குடம் சுமந்து மொரீஷியஸின் கோர் த கார்து மலைக்கோயில் படிகளை ஏறி முடித்து, வாழையிலையில் ஏழு கறி பரிமாறப்படுவதற்காகப் பந்தியில் காத்திருந்தபோது, பக்கத்திலிருந்த அத்தை, "வயிறு காலியானால் பசிக்காமல் என்ன செய்யும், தம்பி?" என்றார். வயிறு காலியாவது மட்டும் அதற்குப் போதாது.

பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் எலியின் இரைப்பையிலிருந்து பிரித்தெடுத்து 1999இல் அறிவித்தார்கள். 28 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது. அதன் மூன்றாம் இடத்திலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் எட்டுக் கார்பன் கொழுப்பமிலம் ஒன்று வால்போல் ஒட்டியிருந்தால்தான் மூளையிலுள்ள ஏற்பி, அதாவது ஹார்மோனின் செய்தியை வாங்கும் புரதம், அதை ஏற்றுக்கொள்ளும். இரத்தத்தில் ஓடும் கிரெலினில் பெரும்பகுதி வாலில்லாததே.

இந்த வாலை ஒட்டும் நொதியை 2008இல் அமெரிக்காவின் டல்லாஸில் பிரவுன், கோல்ட்ஸ்டைன் ஆய்வகமும், எலி லில்லி என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்களும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். டல்லாஸ் குழுவினர் சுண்டெலியின் ஒரே குடும்பத்து நொதிகள் 16ஐயும் கிரெலினோடு சேர்த்துச் செல்களில் செலுத்திப் பார்த்ததில் ஒன்று மட்டுமே வேலை செய்தது. அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் 'கோட்' (GOAT), அதாவது ஆடு. அது வாலாக ஒட்டும் எட்டுக் கார்பன் கொழுப்பமிலமான கேப்ரிலிக் அமிலத்தின் பெயரும் ஆட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே வந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

கிரெலினைப் பசி ஹார்மோன் என்று மட்டும் அழைப்பது அதைக் குறைத்து மதிப்பதாகும். இந்த நொதி இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகள், வேளாவேளைக்குத் தீனி கிடைக்கும்வரை மற்றவற்றைப் போலவே உண்டு எடை கூடின. ஆனால் வழக்கமான உணவில் 40 சதவீதம் மட்டும் கொடுத்து, உடலின் கொழுப்பில் பெரும்பகுதி கரைந்த பிறகு, அவற்றின் இரத்தச் சர்க்கரை சரிந்து அவை சாகும் நிலைக்கு வந்தன. கிரெலினையோ வளர்ச்சி ஹார்மோனையோ செலுத்தியபோது பிழைத்துக்கொண்டன. அதே அளவு பட்டினி கிடந்த சாதாரணச் சுண்டெலிகள், வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கவைக்கும் தம் சொந்தக் கிரெலினாலேயே தாக்குப்பிடித்தன.

வாலுக்கான கொழுப்பை உண்ணும் உணவும் தரக்கூடும். இயற்கையில் அரிதான ஏழு கார்பன் கொழுப்பைச் சுண்டெலிகளுக்கு ஊட்டியபோது, அவற்றின் வயிற்றில் ஏழு கார்பன் வாலுடைய கிரெலின் தோன்றியது. எட்டுக் கார்பன் அமிலமோ தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய 7 சதவீதம் இருக்கிறது. அன்றைய பந்தியில் அத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கியது தேங்காய்ச் சட்னியைத்தான்.