புதுக்கோட்டையில் அம்மா பெயரில் வீடு: பட்டாவிலிருந்து பூச்சு வரை

பிரதமர் வீடு திட்டத்தில் மனு போடலாமா என்று யார் கேட்டாலும், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று எல்லாம் அலைந்தால் கிடைத்துவிடும். ஆனால் புதுக்கோட்டை மாதிரி பழைய ஊரில் மனை தாத்தா பெயரிலோ அவருக்கும் முந்தியவர் பெயரிலோ கிடக்கும், மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்திருக்கும், வீட்டு வரி ரசீதையும் கரண்ட் பில்லையும் வைத்துக்கொண்டு நம் இடம்தானே என்று இருந்திருப்போம். அரசுப் பணத்தில் வீடு கட்ட அது போதாது.

எங்கள் வீடு திருக்கோகர்ணம் பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஓட்டுக்கூரையில் பாதிக்கு மேல் போய்விட்டது. தார்ப்பாய் கட்டி அம்மா அதற்குள்ளேயே இருந்தார். அப்போதுதான் இந்தத் திட்டத்தில் சொந்த மனை உள்ளவர்கள் தாங்களே கட்டிக்கொள்ளும் பிரிவு ஒன்று இருப்பது தெரிந்தது. நகரங்களுக்கான இந்தத் திட்டம் 2015-இல் வந்தது. தமிழ்நாட்டில் இதை நடத்தியது குடிசை மாற்று வாரியம் (2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது, எங்கள் தெருவில் இன்னும் பழைய பெயர்தான்). அப்போது மத்திய அரசு ஒன்றரை லட்சம், மாநில அரசு 60 ஆயிரம், ஆக 2 லட்சத்து 10 ஆயிரம். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கணும், குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கேயும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது, வீடு பெண் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலுமோ வரணும். அம்மாவுக்கு எல்லாமே பொருந்தியது, பட்டாவைத் தவிர.

தாத்தாவுக்கு மூன்று பிள்ளைகள். அப்பா இல்லை. அதனால் முதலில் வாரிசுச் சான்றுகள் வாங்கி, பிறகு சித்தப்பா, அத்தை, நான், தங்கை எல்லோரும் எங்கள் பங்கை விட்டு அம்மா பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து, அதைப் பதிந்து, அதற்கப்புறம்தான் டவுன் சர்வே பதிவேட்டில் பெயர் மாற்றக் கேட்க முடிந்தது. உண்மையான வேலை இதுதான், வீடு கட்டியதைவிட இதற்குத்தான் நாள் பிடித்தது. உறவுக்குள் மனத்தாங்கல் இருக்கும் வீடுகளில் இந்த இடத்திலேயே எல்லாம் நின்றுபோகும், எங்கள் தெருவிலேயே அப்படி நின்றவர்கள் இருக்கிறார்கள். அத்தை திருச்சியிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, “தீபாவளிக்கு வந்தால் படுக்க எனக்கு ஒரு மூலை இருக்குமாடா?” என்று கேட்டார். இடையில் ஒருவர் வந்து எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாகச் சொல்லி 10 ஆயிரம் கேட்டார். கொடுக்கவில்லை. நேரில் போய் நின்றே எல்லாம் நடந்தது.

உத்தரவு கைக்கு வந்ததும் பணம் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பேஸ்மட்டம், லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் போடும் கட்டு), கூரை, பூச்சு என்று நான்கு கட்டமாகத் தருவார்கள், அந்தந்தக் கட்டத்தை நம் காசில் முடித்துக் காட்டிய பிறகு. ஒவ்வொரு கட்டத்துக்கும் பொறியாளர் வந்து செல்போனில் படம் எடுப்பார், பயனாளி படத்தில் நிற்கணும், இடத்தின் ஜிபிஎஸ் குறியும் அதோடு பதிவாகணும். பேஸ்மட்டம் முடிந்த அன்று அம்மா நல்ல வெயிலில் செங்கல் அடுக்குக்குப் பக்கத்தில் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்தபடி நிற்க, ஜிபிஎஸ் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொறியாளர் அங்குமிங்கும் நகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “அசையாதீங்கம்மா” என்றார். அம்மா மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆகவே அஸ்திவாரத்துக்கான முதல் பணம் நம்மிடம் இருக்கணும். நாங்கள் தங்கையின் வளையலை அடகு வைத்தோம். எங்கள் பக்கம் மண் செம்புறாங்கல், தோண்டவே கூலி கூடுதல். அப்புறம் 2020 ஊரடங்கில் வேலை நின்று, மறுபடி ஆரம்பித்தபோது சிமெண்ட், கம்பி எல்லாம் ஏறியிருந்தது. கிட்டத்தட்ட 320 சதுர அடி, ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை, கழிவறை, எல்லாம் சேர்த்து ஐந்தரை லட்சத்தைத் தாண்டியது. அரசுப் பணம் பாதிகூட வராது என்பதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். ஆனால் அது இல்லாவிட்டால் நாங்கள் ஆரம்பித்தே இருக்க மாட்டோம், அதையும் சொல்லணும்.

இப்போது மனு போடுபவர்களுக்கு 2024 செப்டம்பரில் வந்த இரண்டாம் கட்டத் திட்டம் இருக்கிறது. கடந்த 20 ஆண்டுகளில் அரசு வீட்டுத் திட்டத்தில் பயன் பெற்றிருந்தால் அதில் சேர முடியாது. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் சிறிய வீடு கட்ட 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம், அது எங்கள் காலத்தில் இல்லாத வசதி. மனுவுக்கு முன்னால் வில்லங்கம் போட்டு, மனை மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

பட்டாவே வாங்க முடியாதவர்களை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வாய்க்கால் ஓரம் இருக்கும் குடும்பங்கள் எங்களுக்கு முன்பே அங்கே இருக்கிறவர்கள், கஜாவில் எங்களைவிட அதிகம் இழந்தவர்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்பதால் பட்டா கிடையாது, அதனால் இந்தப் பிரிவில் மனுவே போட முடியாது. அவர்களுக்கு இருக்கும் வழி வாரியத்தின் அடுக்குமாடி வீடு. அதற்கும் பயனாளி பங்குத் தொகை உண்டு. தினமும் காலையில் டவுனுக்குள் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்கா, ஊருக்கு வெளியே வீடு கொடுத்தால் பஸ்ஸுக்கே சம்பளத்தில் பாதியைக் கொடுக்கணும். 2024-இல் நம் ஊர் மாநகராட்சி ஆனது. ஊருக்குள் அரசு இடம் எங்கே இருக்கிறது, அதில் எத்தனை குடும்பத்தை வைக்கலாம் என்று கணக்கெடுத்து இவர்களுக்கு முதலில் ஒதுக்கணும், வார்டு கூட்டத்தில் நான் இதைக் கேட்டிருக்கிறேன், அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.