முட்டிடிச்சான் பாறை வழியாகக் காற்றாடிமலைக்கு

ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்கு வருகிறவர்களில் பலர் நேரே மலையேறி, மெழுகுதிரி ஏற்றி, தட்டினால் மணிபோல ஒலிக்கும் மணியடிச்சான் பாறையைத் தட்டிப் பார்த்துவிட்டு, அரை மணி நேரத்தில் கன்னியாகுமரிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். விசுவாசத்துக்காக உயிர்கொடுத்த மறைசாட்சி புனித தேவசகாயம் சுடப்பட்டது அங்கேதான், 1752 ஜனவரி 14 அன்று. ஆனால் அவர் கைதானது 1749 பிப்ரவரி 23. இடையில் ஏறக்குறைய மூன்று வருடம். "கிறிஸ்துவை மறுதலித்துவிடு, விட்டுவிடுகிறோம்" என்ற பேச்சு அத்தனை நாளும் அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அந்த மூன்று வருடத்தின் இடங்களைப் பார்க்காமல் மலைக்கு மட்டும் போய்வருவது, சிலுவைப் பாதையில் இயேசு உயிர்விடும் பன்னிரண்டாம் நிலையை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுவது போல. இரண்டு நாள் ஒதுக்குங்கள். நாகர்கோவிலில் தங்கினால் எல்லா இடத்துக்கும் போய்வர வசதி.

புறப்படும் முன், எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத மனிதரின் கதையான விவிலியத்தின் யோபு நூலை ஒருமுறை முழுக்க வாசித்துவிடுங்கள். 42 அதிகாரம், நிதானமாக வாசித்தாலும் ஒரு மாலைப்பொழுது போதும். இந்தப் பயணத்துக்கு அதுதான் திறவுகோல். 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுச் சிறைப்பட்டு, பிறகு அதே அரசருக்குப் படை பயிற்றுவித்த டச்சுத் தளபதி டி லனாய், பின்னாளில் தேவசகாயம் ஆன அரண்மனை அலுவலர் நீலகண்டனுக்குச் சொன்னது யோபுவின் கதையைத்தான். அப்போது நீலகண்டன் வீட்டில் மாடுகள் செத்து, சொத்து கரைந்துகொண்டிருந்தது. துன்பம் முதலில் வந்தது, விசுவாசம் பிறகு வந்தது. ஞானஸ்நானம் வாங்கினால் கஷ்டம் தீரும் என்று யாரும் அவருக்கு ஆசை காட்டவில்லை.

முதல் நாள் மேற்கே போங்கள். மார்த்தாண்டத்துக்கு அருகே நட்டாலம், 1712-ல் அவர் பிறந்த ஊர். அங்கிருந்து தக்கலைப் பக்கம் வந்தால் பத்மநாபபுரம் அரண்மனை. திங்கட்கிழமை அரண்மனை மூடியிருக்கும், அந்த நாளைத் தவிருங்கள். அடுத்து, சாலையோரமாகவே இருக்கும் உதயகிரிக் கோட்டை. உள்ளே கூரையில்லாத பழைய சிற்றாலயத்தில் டி லனாயின் கல்லறை இருக்கிறது, கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும். இங்கே பத்து நிமிடமாவது நில்லுங்கள். தோற்றுப்போன ஒரு கைதி சொன்ன வார்த்தையிலிருந்து ஒரு மறைசாட்சி எழுந்தார் என்பது இந்தக் கல் முன்னால் நிற்கும்போதுதான் உறைக்கிறது.

பக்கத்திலேயே புலியூர்க்குறிச்சி, முட்டிடிச்சான் பாறை. எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துப் போனது, நாளொன்றுக்கு 80 அடி, காயத்தில் மிளகாய்ப்பொடி, குடிக்கக் குட்டைத் தண்ணீர். இதெல்லாம் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவது. தாகம் தாங்காமல் செபித்துப் பாறையில் கை முட்டியை இடித்தபோது நீர் சுரந்தது என்பது மக்களின் நம்பிக்கை. ஆலய வளாகத்தில் இருக்கும் அந்தக் குழி மிகச் சிறியது. பெரிய ஊற்றை எதிர்பார்த்து வருகிறவர்களுக்குச் சப்பென்று இருக்கும். அன்றைய தாகத்துக்கு அன்றைக்கு வேண்டிய அளவு தண்ணீர், அவ்வளவே கிடைத்தது. சங்கிலி கழலவில்லை, அடியும் நிற்கவில்லை. உடல்நோயோடும் வீட்டாரின் எதிர்ப்போடும் இங்கே வருகிறவர்களுக்கு நாங்கள் காட்ட விரும்புவது அந்தக் குழியின் அளவைத்தான்.

மாலையில் பெருவிளை. அவரைக் கட்டிவைத்திருந்த வேப்பமரத்தின் ஊர் இது. மரத்தின் இலை நோய் தீர்த்ததாகச் சொல்வார்கள். வெயிலிலும் மழையிலும் கட்டுண்டு கிடந்த மனிதர், தன்னைத் தேடி வந்தவர்களுக்காகச் செபித்துக்கொண்டிருந்தார். இங்கே உங்கள் மன்றாட்டைச் சற்றுத் தள்ளிவைத்து, உங்களைப் புண்படுத்தியவர் ஒருவருடைய பெயரைச் சொல்லி செபியுங்கள். வாய் வராது. வராவிட்டாலும் பெயரையாவது சொல்லுங்கள்.

மறுநாள் விடியலில் காற்றாடிமலை. காலை எட்டு மணிக்குள் ஏறி இறங்கிவிடுவது நல்லது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறவர்களுக்கு, பத்து மணிக்கு மேல் பாறை காலைச் சுடும். வயதானவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஏறும்போது அல்ல, சூடு தாங்காமல் வேகமாக இறங்கும்போது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆளையே தள்ளும், சுற்றிலும் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அந்த மாதங்களில் மெழுகுதிரி நிற்காது. அணைந்த திரியை தேவசகாயம் முழந்தாளிட்ட தடத்தில் ஒட்டவைக்காதீர்கள். மெழுகு உருகிப் படிந்தால் பாறை வழுக்கும், தடமும் மூடிப்போகும். மணியடிச்சான் பாறையைத் தட்டச் சின்னக் கூழாங்கல் போதும், ஓசை கணீரென்று வரும். திருநாளான ஜனவரி 14 பொங்கலை ஒட்டி வருவதால் பேருந்துகளில் நிற்கவும் இடம் இருக்காது. அமைதியாகச் செபிக்க வேண்டுமென்றால் வேறு நாள் வாருங்கள்.

மலையடிவாரத்தில் வீசப்பட்ட உடலில் மிஞ்சியதை விசுவாசிகள் சில நாள் கழித்துத் திரட்டி, நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். அடுத்து அங்கே போங்கள். 1756-லேயே கொச்சி ஆயர் இவரைப் பற்றி ரோமுக்கு எழுதிவிட்டார். ஆனால் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முக்திப்பேறு பட்டம் 2012-ல், புனிதர் பட்டம் 2022 மே 15-ல். இரண்டரை நூற்றாண்டுக்கும் மேல் இந்தப் பெயரைக் காப்பாற்றியவர்கள் கல்லறை முன்னால் வந்து முழந்தாளிட்ட சாதாரண மக்கள்.

கடைசியாக வடக்கன்குளம். கணவாயைத் தாண்டினால் வந்துவிடும். 1745 மே 14 அன்று நீலகண்டன் இங்கே திருமுழுக்குப் பெற்று, லாசர் என்ற பெயரின் தமிழான தேவசகாயம் ஆனார். எல்லாச் சாதியாரோடும் ஒன்றாக உட்கார்ந்ததும் அவர்மேல் வந்த கோபத்துக்கு ஒரு காரணம். அதே ஊர் ஆலயத்தில் பிற்காலத்தில் கிறிஸ்தவர்களாகிய நாமே சாதிக்கு ஒரு பக்கமாகச் சுவர் எழுப்பினோம், 1910-ல்தான் அது இடிபட்டது. புனிதர் பட்டத்தின்போது அவர் பெயரிலிருந்து 'பிள்ளை' என்ற சாதிப் பட்டம் நீக்கப்பட்டதன் பொருள், இந்த ஆலயத்தில் நிற்கும்போது தெளிவாகும்.

இன்னொருவரும் இந்த ஊரில் இருக்கிறார். தேவசகாயத்தின் மனைவி பார்கவி, திருமுழுக்குப் பெயர் ஞானப்பூ. கணவர் கொல்லப்பட்ட பிறகு இங்கேயே வந்து தங்கி, 14 வருடம் வாழ்ந்து 1766-ல் இறந்தார், இந்த மண்ணிலேயே அடக்கம் ஆனார். அவருக்குத் திருநாள் இல்லை, மலை இல்லை. கையில் ஒரு மெழுகுதிரி மிச்சம் இருந்தால் அவருக்காக ஏற்றுங்கள்.