சர்க்கரை ரெண்டு கிலோ

போன வருடம் ஒரு மளிகைக் கடைக்கு பில் போடும் ஸ்கிரீன் செய்து கொடுத்தேன். இடப்பக்கம் 400 பொருட்களின் பட்டியல், வலப்பக்கம் கூடை, மேலே தமிழ்–ஆங்கிலம் மாற்றும் பட்டன். எல்லாம் ரியாக்ட், அதாவது ஸ்கிரீனைக் காம்பொனென்ட் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாகக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். என் லேப்டாப்பில் ஒரு குறையும் தெரியவில்லை. கடையின் பழைய டேப்லெட்டில் போட்டதும் அண்ணாச்சி கூப்பிட்டுவிட்டார். "தம்பி, சர்க்கரை ரெண்டு கிலோன்னு அடிச்சா, அது யோசிச்சு யோசிச்சுல்ல காட்டுது?"

எது எப்போது வரையப்படுகிறது என்று காட்டும் ப்ரொஃபைலரைத் திறந்து பார்த்தால், கூடையில் ஒரு எண் மாறியதற்கு 400 வரிசைகளும் ரீரெண்டர் ஆகின்றன, அதாவது மறுபடி வரையப்படுகின்றன. தப்பு என்னுடையதுதான். கூடை, மொழி, தேடல் எல்லாவற்றையும் ஒரே கான்டெக்ஸ்டில், அதாவது உள்ளே இருக்கும் எந்தக் காம்பொனென்டும் படிக்கக்கூடிய ரியாக்டின் பொதுப் பெட்டியில், கட்டி வைத்திருந்தேன். பொருளின் பெயரை எந்த மொழியில் காட்டுவது என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு வரிசையும் அதைப் படிக்கிறது. கூடை மாறினால் புது ஆப்ஜெக்ட், உடனே படிக்கிறவர்கள் எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள். மாறாத வரிசையை மறுபடி வரையாமல் தடுக்கும் மெமோ போட்டும் பயனில்லை. கான்டெக்ஸ்ட் மாற்றம் அதைத் தாண்டி உள்ளே வந்துவிடும்.

இந்த மாதிரி பொதுத் தரவைத் தனியே வைத்துக் கையாளும் ரிடக்ஸ் நூலகம் தெரியும். இப்போது அதற்கு டூல்கிட் வந்து எழுத்து வேலை நிறையவே குறைந்திருக்கிறது. ஆனாலும் இந்த ஒரு ஸ்கிரீனுக்கு அது, ஒரு மூட்டைக்கு லாரி பிடிப்பது போலப் பட்டது. அதே வேலைக்கான சின்ன நூலகமான ட்சுஸ்டாண்டை (Zustand) எடுத்தேன். ஜெர்மனில் 'நிலை' என்று அர்த்தம். அதே குழுவின் இன்னொரு நூலகமான ஜோட்டாய்க்கும் ஜப்பானிய மொழியில் அதே அர்த்தம். தமிழில் ஒன்று எழுதி 'நிலை' என்று பெயர் வைத்தால், நம் ஆட்கள் குனிந்துதான் உள்ளே வருவார்கள்.

ட்சுஸ்டாண்டின் உள்வேலை சின்னது. தரவை வைக்கும் ஸ்டோர், ரியாக்டின் காம்பொனென்ட் மரத்துக்கு வெளியே ஒரு சாதாரண ஆப்ஜெக்டாக இருக்கிறது. கூடவே, மாற்றம் வந்தால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற பட்டியல். ஒவ்வொரு காம்பொனென்டும் தனக்கு வேண்டியதை மட்டும் ஒரு செலக்டரால், அதாவது ஸ்டோரிலிருந்து அதைப் பொறுக்கித் தரும் ஃபங்ஷனால், கேட்கிறது. ஸ்டோர் மாறியதும் செலக்டர் மறுபடி ஓடும். பழைய விடையும் புது விடையும் ஒன்றென்றால் அந்தக் காம்பொனென்ட் அசையாது. மொழியை மட்டும் கேட்கும் 400 வரிசைகளும், நான் சர்க்கரையை எத்தனை கிலோ ஆக்கினாலும் சும்மா இருந்தன. கான்டெக்ஸ்டுக்குச் செய்வது போல மேலே சுற்றிக் கட்டும் ப்ரொவைடரும் தேவையில்லை.

ட்சுஸ்டாண்டின் ஐந்தாம் பதிப்புக்கு மாறியபோது இன்னொரு அடி. கூடையில் அளவு பூஜ்யம் ஆனவற்றை செலக்டருக்குள்ளேயே ஃபில்டர் செய்திருந்தேன். ஃபில்டர் ஒவ்வொரு முறையும் புது அர்ரே (பட்டியல்) தரும். பழையதும் புதியதும் ஒருபோதும் ஒன்றாகாது. முடிவில்லாமல் சுற்றி, ஸ்கிரீன் வெள்ளையாகிவிட்டது. பட்டியலுக்குள் இருப்பவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடும் யூஸ்ஷாலோவுக்குள் செலக்டரைப் போட்டதும் சரியானது. மொத்தத் தொகைக்கு அந்தத் தொல்லை இல்லை, அது வெறும் எண்.

இதைவிட மோசமானது விலை. டேப்லெட் அணைந்தாலும் கூடை போகக்கூடாதென்று ஸ்டோரைச் சேமித்து வைக்கும் பெர்சிஸ்ட் போட்டு, மொத்த ஸ்டோரையும் பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் எழுதினேன். விலையும் சேர்ந்து போய்விட்டது. மறுநாள் காலையில் துவரம்பருப்பு விலையை அண்ணாச்சி ஏற்றியிருக்கிறார், மதியம் வரை பழைய விலையிலேயே பில் போயிருக்கிறது. வித்தியாசத்தை என் கூலியில் கழித்துக்கொண்டார். சரி, நியாயம்தான்.

விலை, இருப்பு இரண்டும் இப்போது, சர்வரிலிருந்து தரவை வாங்கிப் புதுப்பித்துக்கொள்ளும் டான்ஸ்டாக் க்வெரியில். ஸ்டோரில் பொருள் எண்ணும் அளவும் கொண்ட கூடை, மொழி, தேடல் சொல் மட்டும்தான். கடன் பாக்கிக் கணக்கையும் அதிலேயே ஏற்றிவிடச் சொல்கிறார் அண்ணாச்சி. அது சர்வரில்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.