சுழலும் வேகமும் நிறையும்: டல்லி–ஃபிஷர் வரைபடம் போட்ட அனுபவம்

ஒரு சுருள் கேலக்ஸியின் வெளிப்பகுதி எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று தெரிந்தால், அதில் எவ்வளவு விண்மீனும் வாயுவும் இருக்கிறது என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். 1977இல் பிரென்ட் டல்லியும் ரிச்சர்ட் ஃபிஷரும் வெளியிட்ட தொடர்பிலிருந்து வளர்ந்தது இது. அவர்கள் நேரடியாக நிறையை எடுத்துக்கொள்ளவில்லை, ஒளிர்வைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஹைட்ரஜன் வாயு 21 செ.மீ. அலைநீளத்தில் ரேடியோ அலை வெளியிடுகிறது. சுழலும் தட்டின் ஒரு பக்கம் நம்மை நோக்கி வருகிறது, மறுபக்கம் விலகிப் போகிறது. அதனால் அந்த ரேடியோ வரி இருபுறமும் விரிந்துவிடும். எவ்வளவு விரிவோ அவ்வளவு வேகம். வேகம் கூடிய கேலக்ஸிகள் ஒளியிலும் கூடியவையாக இருந்தன.

இதில் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வெளிப்பகுதியின் வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கரும்பொருள், அதாவது ஒளி வெளியிடாமல் ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் பொருள் என்கிறார்கள். அப்படியானால் கண்ணுக்குத் தெரியும் பொருளின் நிறையோடு அந்த வேகம் ஏன் இவ்வளவு ஒட்டிப்போக வேண்டும்? படித்துத் திருப்தி வரவில்லை. எண்களை எடுத்து நானே வரைபடம் போட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

இதற்கு ஏற்ற தரவு பொதுவில் கிடைக்கிறது. லெல்லி, மெக்கா, ஷோம்பர்ட் ஆகிய மூவர் 2016இல் வெளியிட்ட ஸ்பார்க் தொகுப்பு அது. அதில் 175 கேலக்ஸிகளின் சுழற்சி வளைவுகளும் (மையத்திலிருந்து உள்ள தூரத்துக்கு எதிரே வேகத்தைக் காட்டுபவை), ஸ்பிட்சர் தொலைநோக்கி 3.6 மைக்ரான் அகச்சிவப்பில் அளந்த ஒளிர்வும் இருக்கின்றன. தரவிறக்கி ஸ்பிரெட்ஷீட்டில் போட்டால் முதல் வேலை முடிந்தது. ஒவ்வொரு பத்தியிலும் என்ன இருக்கிறது, எந்த அலகு என்பதை மட்டும் விளக்கக் குறிப்போடு பொறுமையாக ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த வேகத்தை எடுப்பது என்பதுதான் முதல் கேள்வி. மையத்திலிருந்து வெளியே போகப் போக வேகம் ஏறி, ஒரு கட்டத்துக்குப் பிறகு பெரும்பாலும் சமதளமாகிவிடுகிறது. அந்தச் சமதள வேகம்தான் நமக்குத் தேவை. சில கேலக்ஸிகளில் தரவு முடியும் இடம்வரை வளைவு ஏறிக்கொண்டே இருக்கும். அட்டவணையில் அவற்றுக்குச் சமதள வேகம் 0 என்று இருக்கும். வரைபடத்துக்காக மடக்கை (லாக்) எடுப்பதற்கு முன்னால் அவற்றை வடிகட்டிவிட வேண்டும், 0க்கு மடக்கை கிடையாது.

அடுத்தது சாய்வு. என்னைக் கேட்டால் இந்த முழு வேலையிலும் அதிகம் கவனிக்க வேண்டியது இதுதான். கேலக்ஸியின் தட்டு நமக்கு எந்தக் கோணத்தில் தெரிகிறதோ, அதற்கேற்பச் சுழற்சியின் ஒரு பங்கு மட்டுமே நம் பார்வைக் கோட்டில் விழும். அளந்த வேகத்தைச் சாய்கோணத்தின் சைன் மதிப்பால் வகுத்தால்தான் உண்மையான வேகம் வரும். தொகுப்பில் வகுத்தே கொடுத்திருக்கிறார்கள், சரி. ஆனால் அந்தக் கோணத்தில் 5 பாகை பிசகினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 75 பாகைக்குப் பதில் 70 என்று எடுத்தால் வேகம் 3 விழுக்காடுகூட மாறுவதில்லை. 30க்குப் பதில் 25 என்று எடுத்தால் வேகம் 18 விழுக்காடு கூடிவிடுகிறது. நிறை வேகத்தின் நான்காம் அடுக்கோடு போகும் என்பதால், அந்த 18 விழுக்காடு நிறையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசமாக வந்து நிற்கும். 30 பாகைக்குக் குறைவான சாய்வு உள்ளவற்றை ஏன் ஒதுக்கச் சொல்கிறார்கள் என்பது அப்போது நன்றாக உறைத்தது. முகத்தை நேராகக் காட்டும் அழகான சுருள்கள்தான் படங்களில் பிரபலம், ஆனால் சுழற்சியை அளக்க அவை உதவுவதில்லை.

பிறகு நிறை. முதலில் விண்மீன்களை மட்டும் வைத்துப் பார்த்தேன். அகச்சிவப்பு ஒளிர்வைச் சூரிய அலகில் எடுத்து 0.5ஆல் பெருக்கினால் விண்மீன் நிறை தோராயமாக வந்துவிடும். அகச்சிவப்பைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியில் நிறை குறைந்த இளம் விண்மீன் கூட்டம்கூடத் தன் நிறைக்கு மிஞ்சிப் பளிச்சிடும், தூசி வேறு மறைக்கும். 3.6 மைக்ரானில் இந்த இரண்டு தொல்லையும் வெகுவாகக் குறைகிறது.

இரண்டு அச்சுகளிலும் மடக்கை வைத்துப் புள்ளிகளை இட்டால், பெரிய கேலக்ஸிகள் ஒரு கோட்டில் நன்றாகவே உட்கார்ந்தன. சிறியவை வேகத்துக்கு உரிய நிறை இல்லாமல் கீழே சரிந்து கிடந்தன. அதிலும் டிடிஓ 154 என்ற குட்டி கேலக்ஸி வெகு தூரம் கீழே போயிருந்தது. அதன் சமதள வேகம் நொடிக்குச் சுமார் 47 கி.மீ. விண்மீன்களின் நிறை சுமார் 2.6 கோடி சூரிய நிறைதான்.

அப்புறம் வாயுவைச் சேர்த்தேன். ஹைட்ரஜன் நிறை அட்டவணையிலேயே இருக்கிறது. ஹீலியத்துக்கும் சேர்த்து அதை 1.33ஆல் பெருக்க வேண்டும். டிடிஓ 154இன் வாயு மட்டும் சுமார் 36 கோடி சூரிய நிறை என்று வந்தது. அதாவது விண்மீன்களைப் போலப் பத்து மடங்குக்கும் மேல்! விண்மீன் ஒளியை மட்டும் நம்பியிருந்தால் அந்த கேலக்ஸியின் நிறையில் பெரும்பகுதியைக் கணக்கிலேயே எடுத்திருக்க மாட்டோம். எதிர்முனையில் யுஜிசி 2885 என்ற மாபெரும் சுருள். வேகம் நொடிக்குச் சுமார் 290 கி.மீ., விண்மீன்கள் சுமார் 20,000 கோடி சூரிய நிறை, வாயு சுமார் 5,300 கோடி. இங்கே வாயு வெறும் ஐந்தில் ஒரு பங்கு.

வாயு சேர்ந்ததும் சரிந்து கிடந்த சிறியவையெல்லாம் மேலே ஏறி, பெரியவற்றின் கோட்டிலேயே வந்து நின்றன. இந்த மாற்றத்தைத் திரையில் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஒரே ஒரு எண்ணைக் கூட்டியதற்கு வரைபடம் முழுவதும் நேராகிவிட்டது! விண்மீனாக மாறிய பொருளா, இன்னும் வாயுவாகவே கிடக்கும் பொருளா என்ற பேதம் சுழற்சிக்கு இல்லை. இரண்டின் கூட்டுத்தொகைதான் வேகத்தோடு ஒட்டிப்போகிறது. 2000இல் மெக்காவும் உடனிருந்தோரும் ஒளிர்வின் இடத்தில் இந்த மொத்தச் சாதாரணப் பொருளை வைத்துக் காட்டியதன் அருமை எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

கோட்டின் சரிவு மூன்றரைக்கும் நான்குக்கும் இடையில் வந்தது. எந்த அச்சின் பிழையைப் பெரிதாக எடுக்கிறோம், எவற்றை ஒதுக்குகிறோம் என்பதைப் பொறுத்து அது சற்று நகரும். நான்கு என்றே வைத்துக்கொண்டால் ஒரு சுலபக் கணக்கு உண்டு. வேகத்தை (நொடிக்குக் கி.மீ.) நான்காம் அடுக்குக்கு உயர்த்தி 47ஆல் பெருக்கினால் சூரிய நிறையில் விடை கிடைக்கும். வேகம் 150 என்றால் சுமார் 2,400 கோடி. என்ஜிசி 3198க்கு அதே வேகம்தான். விண்மீனையும் வாயுவையும் தனித்தனியாகக் கூட்டினால் 3,300 கோடியைச் சற்றுத் தாண்டுகிறது. தூரத்தின் பிழை இருமடி ஆகி நிறைக்குள் வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் பெரிதல்ல.

சரி, ஆரம்பக் கேள்விக்கு வருகிறேன். அதற்கு இரண்டு கேலக்ஸிகளை அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் சிறந்த வழி: என்ஜிசி 2403, யுஜிசி 128. இரண்டின் சமதள வேகமும் நொடிக்கு 130 கி.மீ.க்கு மிக அருகில். சாதாரணப் பொருளின் நிறையும் ஒரே தரத்தில்தான் இருக்கிறது, ஒன்று சுமார் 900 கோடி, மற்றது சுமார் 1,600 கோடி. ஆனால் யுஜிசி 128இன் தட்டு பல மடங்கு பரந்து விரிந்தது, மேற்பரப்பு மங்கலானது. நியூட்டனின் விதியைத் தெரியும் பொருளுக்கு மட்டும் போட்டால், ஒரே நிறையை நான்கு மடங்கு ஆரத்துக்குப் பரப்பும்போது வேகம் பாதியாக வேண்டும். இரண்டு வளைவுகளையும் கிலோபார்செக் அளவில் (ஒரு கிலோபார்செக் சுமார் 3,260 ஒளியாண்டு) ஒரே படத்தில் போட்டேன். என்ஜிசி 2403 மையத்துக்கு அருகிலேயே விறுவிறுவென்று ஏறிவிடுகிறது. யுஜிசி 128 நிதானமாக, வெகுதூரம் போன பிறகே ஏறி முடிக்கிறது. ஆனால் கடைசியில் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கின்றன.

கரும்பொருள்தான் காரணம் என்றால், பொருள் எவ்வளவு பரந்து கிடக்கிறதோ அவ்வளவுக்குச் சரியாக அது ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. கேலக்ஸி உருவாக்கத்தைக் கணினியில் பாவனை செய்பவர்கள் இந்தத் தொடர்பின் பொதுவான வடிவத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். புள்ளிகள் கோட்டை விட்டு விலகும் சிதறல் இவ்வளவு குறைவாக இருப்பதை விளக்குவதுதான் கடினம் என்று எனக்குப் படுகிறது. மறுபுறம், 1983இல் இயற்பியலாளர் மில்க்ரோம் ஈர்ப்பு விதியையே மாற்றிப் பார்த்தபோது, நிறை வேகத்தின் நான்காம் அடுக்கோடு போகும் என்பது அவர் சமன்பாட்டிலிருந்து நேராகவே வந்தது. கேலக்ஸிக் கொத்துகளில் அந்த வழிக்குச் சிக்கல் இருப்பதால் நான் அதை முழுதாக ஏற்கவில்லை. ஆனால் இந்த வரைபடத்தைப் போட்ட பிறகு அதை ஒதுக்கித் தள்ளவும் என்னால் முடியவில்லை.

நீங்களும் போட்டுப் பார்ப்பதாக இருந்தால், இந்த இரண்டு கேலக்ஸிகளின் கோப்புகளை முதலில் திறந்துகொள்ளுங்கள். கிலோபார்செக்கில் ஒரு படம், அப்புறம் ஒவ்வொன்றின் ஆரத்தையும் அதனதன் தட்டின் அளவுநீளத்தால் (தட்டின் ஒளி வெளிநோக்கி எவ்வளவு தூரத்தில் மங்குகிறது என்பதற்கான அளவு) வகுத்து இன்னொரு படம். இரண்டாவதில் வளைவுகள் கிட்டத்தட்ட ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடும்.