சோக்கை இழுத்தால்தான் கிளம்பும்

இன்று காலை அப்பாவின் பழைய பிரீமியர் பத்மினி காரை ராயபுரம் வீட்டிலிருந்து வெளியே எடுத்தேன். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக்கை இழுத்து, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்ததும் இருமிக்கொண்டே கிளம்பியது. அதே 1089 சிசி எஞ்சின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் அதே கார்புரேட்டர். கியர் ஸ்டியரிங்கோடு இருப்பதால் முன்சீட்டில் அப்பா, அம்மா, நடுவில் நான் என்று மூன்று பேர் போவோம். முக்கோணக் கண்ணாடியைத் திருப்பினால் காசிமேட்டுக் கடல்காற்று நேராக முகத்தில் அடிக்கும். எந்த ஏசியும் அந்தச் சுகத்தைத் தராது.

புது கார் பட்டனைத் தொட்டதும் கிளம்பிவிடுகிறது. ஏர்பேக், பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் எல்லாம் உண்டு. எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பிள்ளைகளோடு போக இதைத்தான் எடுப்பேன், அதில் சந்தேகமே இல்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்மினிதான். கியர் தண்டின் குமிழ், அப்பாவின் கை பட்டுப் பட்டு வழவழப்பாகிக் கிடக்கிறது.