அபாயப் பதிவேடு: ஒரு படிப்பு நாட்குறிப்பு

2025 ஜனவரி 6, திங்கள்

எஸ்எம்எஸ் பாடம் தொடக்கம். குறுஞ்செய்தி அல்ல, விமானத் துறையின் சேஃப்டி மேலாண்மை முறை. தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் இடறலே சொல்லில்தான்: சேஃப்டியும் பாதுகாப்பு, செக்யூரிட்டியும் பாதுகாப்பு. விமான நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. வாசலில் சிஐஎஸ்எஃப் செய்வது செக்யூரிட்டி. ஏப்ரனில், அதாவது விமானங்கள் நிற்கும் தளத்தில், இறக்கை நுனிக்குக் கீழே கோன் வைப்பது சேஃப்டி. இந்தக் குறிப்புகள் இரண்டாவதைப் பற்றியவை. ஹஸார்டுக்கு 'அபாயம்', ரிஸ்க்குக்கு 'இடர்' என்று வைத்துக்கொள்கிறேன்.

மூலநூல் ஐகாவோவின் (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) இணைப்பு 19. முதல் பதிப்பு 2013இல் வந்தது. இரண்டாம் பதிப்பு 2019 நவம்பர் 7 அன்று நடைமுறைக்கு வந்தது. விளக்கக் கையேடு ஆவணம் 9859, நான்காம் பதிப்பு, 2018. கொள்கை, இடர் மேலாண்மை, உறுதிப்பாடு, பரப்புதல் என நான்கு தூண்கள். அவற்றுக்குள் 12 கூறுகள். தேர்வில் இதை வரிசையாகக் கேட்பார்கள், மனப்பாடம் செய்துவிடலாம். நடைமுறையில் பல நிறுவனங்கள் முதல் தூணிலேயே களைத்துப்போகின்றன. கொள்கை எழுதி, கையெழுத்து வாங்கி, கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வரவேற்பறையில் மாட்டியதும் வேலை முடிந்த மாதிரி ஒரு திருப்தி. முதல் தூணில் உண்மையில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பொறுப்பு நிர்வாகி என்று பெயர் போட்டிருக்கிறார்களே, அவருக்குச் செலவுக்கு ஒப்புதல் கொடுக்கும் அதிகாரம் இருக்கிறதா? இல்லையென்றால் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

ஜனவரி 8, புதன்

அபாயத்தை எழுதும் விதம். பாடத்தில் இது இரண்டு பக்கம்தான். என் கணக்கில் பாதிப் பாடம் இதுவே.

அபாயம் என்பது இருக்கும் நிலை. விளைவு என்பது அதனால் நடக்கக்கூடியது. 'ஓடுபாதையை விட்டு விலகுதல்' என்று பதிவேட்டில் எழுதினால் அது விளைவு. 'மழையில் ஓடுபாதையின் கடைசி மூன்றில் ஒரு பகுதியில் தண்ணீர் தேங்குகிறது' என்பது அபாயம். முதலாவதை எழுதினால் தீர்வுக் கட்டத்தில் 'விமானிகள் கவனமாக இருக்க அறிவுறுத்தப்பட்டது' என்றுதான் வரும். இரண்டாவதை எழுதினால் வடிகாலைப் பார்க்க ஆள் போவார்.

'கவனக்குறைவு' என்ற சொல்லைப் பதிவேட்டிலிருந்தே நீக்கிவிடலாம். திருச்சி விவகாரம் இதற்கு நல்ல பயிற்சி. 2018 அக்டோபர் 12 அதிகாலை, துபாய்க்குப் புறப்பட்ட போயிங் 737-800, 136 பேருடன், ஐஎல்எஸ் லோக்கலைசர் ஆண்டெனாவையும் (இறங்கும் விமானத்துக்கு ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் ரேடியோக் கருவி, ஓடுபாதை முனைக்கு அப்பால் நிற்பது) சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டே மேலேறியது. இடித்தது காக்பிட்டில் தெரியவில்லை. தரையிலிருந்து சொன்ன பிறகும் கருவிகள் சரியாகக் காட்டியதால் பயணம் தொடர்ந்தது. பல மணி நேரம் கழித்தே மும்பைக்குத் திரும்பி இறங்கியது. யாருக்கும் காயமில்லை. 'விமானி தவறு' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். விசாரணை கண்டது வேறு: மேலேறும் முன் ஓடுபாதையில் ஓடும்போது கேப்டனின் இருக்கைச் சாய்மானம் பின்னுக்குச் சரிந்தது, த்ரஸ்ட் லிவரில் (என்ஜின் உந்துவிசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) இருந்த கையும் கூடவே பின்னுக்கு வந்தது, உந்துவிசை குறைந்ததை இருவரும் கவனிக்கவில்லை. பதிவேட்டில் எழுத வேண்டியவை இரண்டு: சரியும் சாய்மானம், ஓட்டத்தின் நடுவில் உந்துவிசை குறைந்தால் அதைக் கண்டுபிடிக்க இன்னொரு தடுப்பு இல்லாமை. முதலாவது பராமரிப்புப் பிரிவுக்குப் போகும், இரண்டாவது பயிற்சிப் பிரிவுக்கு.

ஜனவரி 11, சனி

ஏப்ரன். ஒரு விமானம் வந்து போகும் நேரத்தில் அதைச் சுற்றி எத்தனை வண்டிகள்!

விமானம் வருவதற்கு முன்பே நிற்கும் இடத்தை ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். உடைந்த பெட்டிச் சக்கரம், பூட்டு, பிளாஸ்டிக் உறை எல்லாம் என்ஜினுக்குத் தீனி. விமானம் நின்ற பிறகும், என்ஜின் ஓய்ந்து சிவப்பு பீக்கன் (மின்னும் எச்சரிக்கை விளக்கு) அணையும் வரை யாரும் நெருங்கக் கூடாது. பிறகு சக்கரங்கள் உருளாமலிருக்க சாக் என்ற ஆப்பு, அடுத்து இறக்கை நுனிக்கும் என்ஜினுக்கும் கோன். அதற்குப் பிறகே வண்டிகள்.

பெல்ட் லோடர் (பெட்டிகளை ஏற்றும் பட்டை வண்டி) ஓட்டுபவர் தூரத்திலேயே ஒரு தடவை முழுதாக நிறுத்தி பிரேக்கைச் சோதித்துவிட்டுத்தான் ஊர்ந்து வர வேண்டும். முன்னால் ரப்பர் பம்பர் இருக்கிறது என்பதற்காக உடம்போடு ஒட்டி நிறுத்தக் கூடாது. பெட்டியும் எரிபொருளும் ஏற ஏற விமானம் தாழும். ஒட்டி நின்ற பம்பர் தகட்டை அழுத்தும். அலுமினிய உடம்பென்றால் பள்ளம் தெரியும். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற கார்பன் இழை உடம்பில் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். 'லேசாத்தான் பட்டுச்சு' என்று சொல்லாமல் விடும் ஊழியரால் வரும் ஆபத்து இங்கே பல மடங்கு. தண்டனைக்குப் பயந்து வாய் மூடும் இடத்தில் எந்தப் பதிவேடும் வேலை செய்யாது என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடையாது.

புஷ்பேக், அதாவது விமானத்தை வண்டியால் பின்னுக்குத் தள்ளுவது: முன்சக்கரத்தில் பைபாஸ் பின் போட்டு ஸ்டியரிங்கைத் துண்டித்த பிறகே டோ பார் என்ற தள்ளும் தண்டை மாட்டுவார்கள். டோ பாரில் ஒரு ஷியர் பின் உண்டு. பளு மீறினால் அது உடைந்து சக்கரக் காலைக் காப்பாற்றும். உடைந்த பின்னுக்குப் பதில் கையில் கிடைத்த போல்ட்டைப் போடுவது அதைப் போடாததைவிட மோசம். அப்போது போல்ட் தாங்கும், விமானத்தின் கால் வளையும். தள்ளி முடித்ததும் பைபாஸ் பின்னை எடுத்து, சிவப்பு நாடாவோடு தூக்கி காக்பிட்டுக்குக் காட்ட வேண்டும். மேலிருந்து பதில் சைகை வர வேண்டும். 2015 டிசம்பர் 16, மும்பை: தரைப் பணியாளர்கள் விலகும் முன்பே விமானம் நகர்ந்தது, ஒருவர் என்ஜினுக்குள் இழுக்கப்பட்டு இறந்தார். பின்னைத் தூக்கிக் காட்டுவதை யாரும் சடங்காக நினைக்க வேண்டாம்.

ஜனவரி 13, திங்கள்

போகி. நாள்காட்டியில் தேதி போட்டு வரும் அபாயம் உலகத்தில் எத்தனை விமான நிலையங்களுக்கு உண்டு? 2018 போகியன்று காலை சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதை கண்ணுக்கு மறைந்தது. வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. நடந்த பிறகு அறிவது ஒரு வகை, நடக்கும் முன்பே தேடி அறிவது இன்னொரு வகை என்று பாடம் பிரிக்கிறது. போகி இரண்டாவது வகைக்கு எழுதிவைத்த உதாரணம். அதிகாலை விமான நேரங்களை மாற்றுவது, மாற்று நிலையத்துக்கான எரிபொருளைக் கூட்டுவது, வேலிக்கு வெளியே டயர் எரிக்காதிருக்கக் குடியிருப்புகளில் பேசுவது எல்லாம் மார்கழி பிறக்கும்போதே முடிவாக வேண்டும்.

பறவையும் அப்படித்தான். விமான நிலைய மையப் புள்ளியிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் திறந்தவெளியில் ஆடு மாடு அறுப்பதையும் குப்பை கொட்டுவதையும் இந்திய விமான விதி 91 தடுக்கிறது. ஆனால் அந்தக் குப்பையை அள்ள வேண்டியது உள்ளாட்சி. அபாயம் ஒருவர் பதிவேட்டில், துடைப்பம் இன்னொருவர் கையில்.

ஜனவரி 17, வெள்ளி

இடர்க் கட்டம். நிகழ்தகவு 5 முதல் 1 வரை, தீவிரம் ஏ முதல் இ வரை; 25 பெட்டிகள், சிவப்பு (ஏற்க முடியாது), மஞ்சள் (தடுப்போடு ஏற்கலாம்), பச்சை (ஏற்கலாம்).

முவானை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். டிசம்பர் 29 அன்று தென் கொரியாவின் முவானில் போயிங் 737-800 ஒன்று சக்கரம் இறங்காமல் வயிற்றால் தரையிறங்கி, ஓடுபாதையைத் தாண்டி, லோக்கலைசர் ஆண்டெனாவைத் தாங்கிய மண்மேட்டில் மோதியது. மண்ணுக்குள் கான்கிரீட். 181 பேரில் 179 பேர் இறந்தார்கள். அந்த மேடு ஓடுபாதை முனையிலிருந்து ஏறக்குறைய 250 மீட்டரில், முனைப் பாதுகாப்புப் பகுதிக்கு (தாண்டி ஓடும் விமானத்துக்காக முனையில் காலியாக விடும் இடம்) வெளியே இருந்ததால் விதிக்கு உட்பட்டதே என்று அமைச்சகம் முதலில் சொன்னது. விதிக்கு உட்பட்டதா என்பது தணிக்கையின் கேள்வி. விமானம் அதில் மோதினால் என்ன ஆகும் என்பது எஸ்எம்எஸ் கேட்க வேண்டிய கேள்வி.

கட்டத்தில் வைப்போம். ஓடுபாதையைத் தாண்டி ஓடுவது அரிது, 2. கான்கிரீட்டில் மோதினால் பேரழிவு, ஏ. ஆக 2-ஏ, மஞ்சள். ஆண்டெனாவை முறிந்து விழும் தாங்கியில் மாற்றினால் தாண்டி ஓடும் வாய்ப்பு ஒரு துளியும் குறையாது. தீவிரம் மட்டும் குறையும். 2-சி என்று வைத்தால் அதுவும் மஞ்சள்! நிறத்தைப் பார்த்துப் பணம் ஒதுக்கும் நிர்வாகம் 'மாற்றியும் மஞ்சள்தானே' என்று கோப்பை மூடிவிடும். இரண்டு மஞ்சளுக்கும் நடுவே ஒரு விமானம் நிறைய உயிர்கள் இருக்கின்றன.

பெரும்பாலான தடுப்புகள் நிகழ்தகவைத்தான் குறைக்கும். தீவிரம் குறைந்ததாக யாராவது எழுதியிருந்தால் 'எதனால்?' என்று கேட்க வேண்டும். முறியும் தாங்கி, முனைப் பாதுகாப்புப் பகுதி, தீயணைப்பு வண்டி என்று பதில் வந்தால் சரி. பயிற்சி வகுப்பு என்று வந்தால் தவறு.

ஜனவரி 23, வியாழன்

முவானில் இருந்தது போன்ற ஆண்டெனா அடித்தளங்களை மற்ற விமான நிலையங்களிலும் மாற்றப்போவதாகக் கொரிய அரசு நேற்று அறிவித்திருக்கிறது.

மங்களூரு, 2010 மே 22 என்று பக்கத்தில் எழுதி வைக்கிறேன். 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். விமானம் அளவுக்கு மீறிய உயரத்தில் வந்தது. துணை விமானி கோ-அரவுண்ட் (இறங்காமல் மேலேறிச் சுற்றி வருவது) போகச் சொல்லியும் கேப்டன் தொடர்ந்தார். சுமார் 8,000 அடி ஓடுபாதையில் 5,200 அடி தாண்டிய பிறகே சக்கரம் தரையில் பட்டது. முனைப் பகுதியையும் கடந்து, லோக்கலைசர் ஆண்டெனாவின் கான்கிரீட் கட்டுமானத்தில் வலது இறக்கை மோதி, பள்ளத்தில் விழுந்தது. மங்களூரு, திருச்சி, முவான்: மூன்றிலும் ஓடுபாதையின் அந்தப் பக்கம் நிற்கும் அதே ஆண்டெனா.

நிலையான இறங்குமுகத்துக்கு வாசல்கள் உண்டு: மேகத்தில் 1,000 அடி, தெளிந்த வானில் 500 அடி. அந்த உயரத்தில் வேகம் குறிப்பு வேகத்துக்கு (அந்த இறக்கத்துக்குக் கணக்கிட்ட வேகம்) கீழே போகாமலும் அதைவிட மணிக்கு 20 கடல் மைலுக்கு மேல் கூடாமலும், இறக்கம் நிமிடத்துக்கு 1,000 அடிக்கு மிகாமலும் இருக்க வேண்டும். இல்லையா, சுற்றி வா. பறப்புத் தரவை எடுத்துப் பார்க்கும் பிரிவு எண்ண வேண்டியது நிலையற்ற இறக்கங்களை மட்டுமல்ல. அவற்றில் எத்தனை கோ-அரவுண்டில் முடிந்தன என்பதையும்தான். சுற்றி வந்த விமானியை அழைத்து 'ஏன்?' என்று கேட்கும் அலுவலகத்தில் இந்த இரண்டாவது எண் ஏறவே ஏறாது.

ஜனவரி 28, செவ்வாய்

எச்சரிக்கை மட்டம் கணக்கிடுதல். பயிற்சிக்கான கற்பனை எண்கள்: 10,000 இயக்கங்களுக்கு (ஏறுதல், இறங்குதல்) பறவை மோதல், 12 மாதம்: 2, 4, 3, 5, 4, 2, 3, 6, 4, 3, 5, 7. சராசரி 4. விலகல் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 26. 12ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் 1.47. சராசரியோடு விலக்கத்தை ஒன்று, இரண்டு, மூன்று முறை கூட்டினால் மூன்று கோடுகள்: 5.47, 6.94, 8.42.

மூன்றாம் கோட்டை ஒரு மாதம் தாண்டினாலும், இரண்டாம் கோட்டை அடுத்தடுத்து இரண்டு மாதம் தாண்டினாலும், முதல் கோட்டை அடுத்தடுத்து மூன்று மாதம் தாண்டினாலும் எச்சரிக்கை. புதிய ஆண்டு 6, 6, 6 என்று போனால் எந்த மாதமும் பயமுறுத்தவில்லை. மூன்றாம் மாதம் மணி அடித்துவிடும். 12க்குப் பதில் 11ஆல் வகுத்தால் விலக்கம் 1.54 ஆகிக் கோடுகள் நகரும். எக்ஸெலில் தவறான சார்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலருக்கு விடை பிசகுகிறது.

ஒரு பொறி: ஊழியர்கள் நம்பிக்கையோடு சொல்லத் தொடங்கினாலும் எண் ஏறும். தாமாக முன்வந்து தரும் புகார்களுக்கு இந்தக் கோடுகளைப் போடக் கூடாது. போட்டால் சொல்வதையே நிறுத்திவிடுவார்கள்.

நேற்று முவான் முதற்கட்ட அறிக்கை வந்தது. இரண்டு என்ஜினிலும் பறவை உடலின் மிச்சங்கள்.

பிப்ரவரி 3, திங்கள்

மாற்ற மேலாண்மை. கட்டுமானம் நடக்கும் விமான நிலையம் நேற்றுப் பார்த்த விமான நிலையம் அல்ல.

தைபே, 2000 அக்டோபர் 31. புயல் மழை, இரவு. வலது ஓடுபாதையின் ஒரு பகுதி வேலைக்காக மூடப்பட்டிருந்தது. 747 ஒன்று இடது ஓடுபாதைக்குப் பதில் அதில் ஏறிக் கட்டுமான இயந்திரங்களில் மோதியது. 179 பேரில் 83 பேர் இறந்தார்கள். மூடப்பட்டதாக அறிவிப்பு இருந்தது, விமானிகளிடமும் இருந்தது. ஆனால் டாக்ஸிவேயின் பச்சை மைய விளக்குகள் மூடிய பாதைக்குள் வளைந்து போயின. சரியான பாதைக்கு இட்டுச் செல்லும் விளக்குகளில் ஒன்று எரியவில்லை, இன்னொன்று மங்கல். காகிதம் ஒன்று சொன்னது, வெளிச்சம் இன்னொன்று சொன்னது. இரவு மழையில் கண் வெளிச்சத்தைத்தான் நம்பும்.

ஹனேடா, 2024 ஜனவரி 2. கடலோரக் காவல் விமானம் ஓடுபாதைக்குள் சுமார் 40 விநாடி நின்றது. பின்னால் இறங்கிய ஏ350 மோதியது. பயணிகள் விமானத்தில் 379 பேரும் தப்பினார்கள். சிறிய விமானத்தில் ஆறில் ஐந்து பேர் இறந்தார்கள். அந்த நுழைவாயிலின் சிவப்பு நிறுத்த விளக்குகள் அன்று பராமரிப்பால் இயக்கத்தில் இல்லை. ஒரு தடுப்பைப் பராமரிப்புக்காக அணைப்பதும் மாற்றம்தான். அதற்கும் ஒரு தாள் வேண்டும்: அணைத்திருக்கும் நாட்களில் அந்த இடத்தை எது நிரப்புகிறது?

பிப்ரவரி 7, வெள்ளி

முடித்ததாக எழுதிய நடவடிக்கைகளைச் சரிபார்த்தல். 'ஆண்டெனாத் தாங்கி மாற்றப்பட்டது, முடிந்தது' என்ற வரியை நம்பாமல் நேரில் போனால் பார்க்க வேண்டியவை:

முறியும் இணைப்பில் இருப்பது வரைபடத்தில் உள்ள அதே போல்ட்டா? காற்றில் ஆடுகிறது என்று பராமரிப்பாளர் கெட்டியான போல்ட் போட்டிருந்தால் தாங்கி இனி முறியாது. ஷியர் பின் கதையேதான். கேபிள் தளர்வாகப் போகிறதா, அல்லது தாங்கி முறிந்தாலும் கேபிளே இழுத்துப் பிடிக்குமா?

அடித்தளத்தைச் சுற்றி மண் மட்டம். கட்டும்போது கான்கிரீட் தரையோடு தரையாக இருந்திருக்கும். இரண்டு வடகிழக்குப் பருவமழை மண்ணை அரித்தால் விளிம்பு மேலே எழும். சக்கரம் செங்குத்துச் சுவரில் முட்டாமலிருக்க, ஓடுபாதைப் பட்டையில் (ஓடுபாதையைச் சுற்றிய சமதரை) புதைந்த கட்டுமானத்தின் விளிம்பைத் தரைமட்டத்துக்குக் கீழே குறைந்தது 30 சென்டிமீட்டர் ஆழம் வரை சரிவாக அமைக்கச் சொல்கிறது விமான நிலைய வடிவமைப்புக்கான ஐகாவோ இணைப்பு 14. புல் மூடியிருக்கும், வண்டியிலிருந்து பார்த்தால் தெரியாது. இறங்கி, புல்லை விலக்கி, அளவுகோலை வைக்க வேண்டும். தை பிறந்ததும் செய்ய வேண்டிய நடை அது. பதிவேட்டில் அதற்குத் தேதியும் கையெழுத்தும் இருக்க வேண்டும்.